வண்டியை நிறுத்துங்கள்... அதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்!

சென்னை தியாகராய நகர் பாண்டி பஜார். சனிக்கிழமை சாயங்காலம் 6 மணி.

அகலமான பிளாட்பாரம். உட்கார பெஞ்சு. குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடுகின்றன. ஜவுளிக்கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் காற்று வாங்குகிறது. கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் யாரும் இடிக்காமல், யாரும் ஹாரன் அடிக்காமல் நிதானமாக நடந்து போகிறார்.

பார்க்கக் கண் குளிர்கிறது.

அங்கிருந்து ஐம்பது எட்டு வைத்து ஒரு பக்கத்துத் தெருவுக்குள் நுழையுங்கள். காட்சி மாறுகிறது. வீட்டு கேட்டில் "இங்கே வண்டி நிறுத்தாதீர்" என்று போர்டு. போர்டுக்கு நேர் கீழே நாலு ஸ்கூட்டர். பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வந்த ஆட்டோ, உள்ளே வர வழியில்லாமல் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிறது.

மெயின் ரோட்டில் நடக்கிறவருக்கு நிம்மதி. பின்தெருவில் குடியிருக்கிறவருக்கு அவஸ்தை. ஒரே பேட்டையில் இப்படி ரெண்டு நியாயம்!

கடைத்தெருவில் வண்டிகளைக் குறைத்து மக்களை நடக்கவிடுவது நல்ல காரியம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால், அந்தத் தெருவிலும் அதன் முதுகுப்புறத்திலும் வாழ்கிறவர்களை உட்காரவைத்துக் கேட்காமல் செய்தால், நல்ல காரியமும் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

கவுன்சிலர் இல்லாத காலம்

நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரில் 1920-களில் உருவான பேட்டை தியாகராய நகர். பாண்டி பஜாருக்கு அரசு ஏட்டில் சவுந்தரபாண்டியனார் அங்காடி என்று பெயர். சுயமரியாதை இயக்கத் தலைவர்களில் ஒருவரான டபிள்யூ.பி.ஏ.சவுந்தரபாண்டியனாரின் நினைவாக வைத்த பெயர் அது. வளையல், பாசி, ரவிக்கைத் துணி என்று ஊரே வந்து வாங்கிய தெரு.

இங்கே பிளாட்பாரத்தில் கடை போட்டிருந்தவர்களை 2013-ல் மாநகராட்சி அதே ரோட்டில் கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். பிறகு ஸ்மார்ட் சிட்டித் திட்டம் வந்தது. சுமார் 40 கோடி ரூபாய் செலவில் நடைபாதை வளாகம் எழும்பியது. 2019 நவம்பரில், அப்போது முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி அதைத் திறந்து வைத்தார்.

இந்தத் தெருவில் வண்டிகளை அறவே நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் முதலில் அடிபட்டது. ஒத்திகையும் பார்த்தார்கள். கடைசியில், நடுவே வண்டி, இரண்டு பக்கமும் அகலப் பிளாட்பாரம் என்று முடிவானது.

யாரையுமே கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கூட்டங்கள் நடந்தன. கடைக்காரர்களும் குடியிருப்போரும் பேசினார்கள். ஆனால் ஒரு சங்கதியை மறந்துவிடக்கூடாது.

சென்னை மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்! இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் சென்னையில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அதிகாரிகள் ராஜ்யம்தான்.

பாண்டி பஜார் வேலை முழுக்க நடந்தது அந்தக் காலத்தில்தான். "ஏம்பா, எங்க தெருவுக்குள்ள வண்டியெல்லாம் திரும்புதே, இதை யார்கிட்ட சொல்றது?" என்று ஒருவர் கேட்க நினைத்தால், போய்த் தட்டுவதற்குக் கவுன்சிலர் வீட்டுக் கதவே கிடையாது. 1913-க்கு போன் போட்டு புகார் நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். புகார் நம்பர் வேறு, பதில் வேறு!

யாருடைய தெரு?

கடைத்தெரு என்றால் கடைக்காரர்கள் தெரு என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி ஒருவர். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே வேலை செய்யும் விற்பனைப் பெண் ஒருத்தி. தலையில் பண்டல் சுமக்கும் லோடுமேன். பிளாட்பாரத்தில் பூ விற்கும் அம்மா. ஸ்டாண்டில் காத்திருக்கும் ஆட்டோக்காரர். கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கும் குடும்பம். பின்தெருவில் மூன்று தலைமுறையாக வாழும் வீட்டுக்காரர். அதே வீட்டில் வாடகைக்கு இருக்கும் குமாஸ்தா. சக்கர நாற்காலியில் வரும் மாற்றுத்திறனாளி. பஸ்சில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்.

இத்தனை பேருக்கும் சொந்தமான தெரு அது. ஆனால் கூட்டத்துக்கு வருகிறவர்கள் யார்? சங்கத்தின் தலைவர், செயலாளர், வெள்ளைச் சட்டை போட்ட நாலு பேர். பூக்கார அம்மாவுக்குத் தகவலே போயிருக்காது. வாடகைக்காரரிடம் வீட்டுக்காரர் சொல்லியிருக்கமாட்டார்.

கேட்டோம் என்று கணக்குக் காட்டலாம். யாரைக் கேட்டோம் என்றும் காட்டவேண்டும் அல்லவா?

அண்ணாச்சியின் பயம்

வண்டியை நிறுத்தப்போகிறோம் என்றதும் முதலில் பதறுகிறவர் கடைக்கார அண்ணாச்சி. "கார்ல வர்ற பார்ட்டிதான் பெரிய பில் போடும். கார் வரலைன்னா நான் ஷட்டரை இழுத்துட்டுப் போகவேண்டியதுதான்" என்பது எந்த ஊர்க் கடைத்தெருவிலும் எழும் பயம்.

அந்தப் பயத்தைக் கேலி செய்யக்கூடாது. போட்ட முதல் அவருடையது. வட்டி கட்டுகிறவர் அவர். ஆனால் அந்தப் பயம் சரிதானா என்று கணக்கு எடுத்துப் பார்க்கலாம்.

பிரிட்டனில் பிரிஸ்டல் என்று ஒரு நகரம். அங்கே கடைத்தெருக்களில் எடுத்த கணக்கு ஒன்று 2006-ல் வெளிவந்தது. உங்கள் வாடிக்கையாளர்களில் காரில் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கடைக்காரர்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 41 பேர் என்றார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டார்கள். உண்மையில் காரில் வந்தவர்கள் நூற்றுக்கு 22 பேர்தான்! மிச்சப் பேர் நடந்தும், பஸ்சிலும், சைக்கிளிலும் வந்தவர்கள்.

வாசலில் வந்து நிற்கும் கார் கண்ணில் படுகிறது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிறவர் எந்த வழியாக வந்தார் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? நடந்து வருகிறவர்கள் கூட்டம் தாங்காமல்தானே, மாம்பலம் ரெயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பஸ் நிலையம் வரை 28 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஆகாய நடைபாதை கட்டி, 2023 மே மாதம் திறந்தார்கள்!

இந்தக் கணக்கை நம் ஊரிலும் எடுக்கலாம். பெரிய நிபுணர் வேண்டாம். பில் போடும்போது "எதுல வந்தீங்க?" என்று ஒரு கேள்வி. ஒரு நோட்டில் ஒரு கோடு. ஒரு வாரம் போதும். அதிகாரி சொன்னால் அண்ணாச்சி நம்பமாட்டார். அவர் நோட்டு சொன்னால் நம்புவார்.

டென்மார்க்கிலும் டெல்லியிலும்

கோபன்ஹேகன் நகரத்தின் பெரிய கடைத்தெருவில் 1962 நவம்பரில் கார்களை நிறுத்தினார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று அங்கேயும் கடைக்காரர்கள் அலறினார்கள். நகராட்சி ஒரு காரியம் செய்தது. இது சோதனைதான் என்றது. இரண்டு வருஷம் பார்த்தார்கள். ஜனங்கள் வந்து குவிந்தார்கள். 1964-ல் அதை நிரந்தரமாக்கினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க உதாரணம் காட்டும் தெரு அது.

சோதனை என்றால் அதுதான் சோதனை. நம் ஊரில் ஒத்திகை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மைக் செட், பலூன், டான்ஸ். திங்கட்கிழமை காலையில் சரக்கு லாரி எங்கே நிற்கும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படிச் சொல்லும்?

டெல்லி சாந்தினி சவுக்கைப் பாருங்கள். செங்கோட்டை எதிரிலிருந்து பதேபூரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர். மொகலாயர் காலத்துக் கடைவீதி. தெருவைச் சீர்படுத்தி 2021 செப்டம்பரில் திறந்தார்கள். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகள் கூடாது என்று விதி. சைக்கிள் ரிக்ஷா போகலாம். சரக்கு இரவில் வரலாம். எந்த வண்டி, எந்த நேரம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். விதி போட்டால் மட்டும் போதாது, காவலும் வேண்டும் என்பதும் அங்கே படித்த பாடம்தான். ஆள் நின்று பார்க்காவிட்டால் மோட்டார் சைக்கிள் சந்து வழியாக உள்ளே வந்துவிடும்.

அங்கே சரியான நேரம் இங்கே சரியாக இருக்கவேண்டும் என்பதில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரம் எது, கல்யாண மண்டபத்தில் கூட்டம் சேரும் நேரம் எது, குப்பை லாரி வரும் நேரம் எது என்பது கோட்டையில் இருப்பவருக்குத் தெரியாது. தெருவில் இருப்பவருக்குத் தெரியும். அதற்குத்தான் கேட்கவேண்டும்!

தீ பிடித்தால்?

குடியிருப்போர் கேட்கும் முதல் கேள்வி பார்க்கிங் இல்லை. உயிர்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலி வந்தா ஆம்புலன்ஸ் எங்க வாசல் வரைக்கும் வருமா?"

இது வீண் பயம் இல்லை. தியாகராய நகர் பட்ட அடி அது. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் தீ பிடித்தது. ஊழியர்கள் இரண்டு பேர் செத்துப் போனார்கள். 2017 மே 31-ந் தேதி உஸ்மான் ரோட்டில் பல மாடி ஜவுளிக் கடை ஒன்று தீப்பிடித்து, ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டிடத்தையே இடிக்கவேண்டி வந்தது. அக்கம்பக்கத்து ஜனங்கள் புகையில் தவித்ததை அந்தப் பேட்டை இன்னும் மறக்கவில்லை.

தெருவை நடைபாதையாக்கினால் தீயணைப்பு வண்டிக்கு வழி அடைபடும் என்று இல்லை. ஒழுங்காகச் செய்தால் வழி பிறக்கும். தாறுமாறாக நிற்கும் கார்கள் போய்விட்டால் தெரு காலியாகத்தானே இருக்கும்? ஆனால் நடுவிலே பூத்தொட்டியும், கல்தூணும், நிரந்தரப் பந்தலும் வைத்தால் கதை வேறு. எங்கே தூண் வைப்பது, எந்தத் தூணைக் கழற்ற முடியும், சாவி யாரிடம் இருக்கும் என்பதை தீயணைப்பு அதிகாரியை வைத்துக்கொண்டு, குடியிருப்போர் முன்னிலையில் பேசவேண்டும். முடிந்தால் ஒரு தீயணைப்பு வண்டியை உள்ளே ஓட்டிக் காட்டவேண்டும். நூறு பக்க அறிக்கை சொல்லாததை அந்த ஒரு ஓட்டம் சொல்லிவிடும்.

பின்தெரு பாவமா?

வண்டியை ஒரு தெருவில் நிறுத்தினால் அது ஆவியாகிப் போய்விடாது. அடுத்த தெருவுக்குப் போகும். தணிகாசலம் ரோட்டில் 200-க்கு மேல் கார்களும் 500-க்கு மேல் இருசக்கர வண்டிகளும் நிற்கும்படி அடுக்குமாடி பார்க்கிங் கட்டியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் அஞ்சு நிமிஷ வேலைக்கு வருகிறவர் அவ்வளவு தூரம் போகமாட்டார். சந்துக்குள்தான் ஸ்டாண்டு போடுவார்.

ஆகவே, ஒரு தெருவை மாற்றும்போது கேட்கவேண்டியது அந்தத் தெருவை மட்டுமல்ல. சுற்றியுள்ள பத்துத் தெருவை. குடியிருப்போர் வண்டிக்கு ஸ்டிக்கரா, தெருமுனையில் காவலரா, ஒருவழிப் பாதையா, எது வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும். பெஞ்சு போட பணம் ஒதுக்குகிறவர்கள், பின்தெருவில் ஒரு காவலர் நிற்கவும் பணம் ஒதுக்கவேண்டும்.

பூக்கார அம்மாவுக்கும் சட்டம் உண்டு

தெரு வியாபாரிகளுக்கு 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டிருக்கிறது. ஊருக்கு ஊர் நகர விற்பனைக் குழு அமைக்கவேண்டும். அதில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்கவேண்டும். ஒருவரை இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னால் நோட்டீஸ் தரவேண்டும். கேட்பது தயவு இல்லை. சட்டம்!

பாண்டி பஜார் பிளாட்பாரக் கடைகளை வளாகத்துக்கு மாற்றியபோது, மாடி ஏறி வந்து வாங்க ஆள் வருவதில்லை என்ற குறை எழுந்தது. நடந்து போகிறவர் கண்ணில் பட்டால்தான் பாசிமணி விற்கும். இது வியாபாரத்தின் அரிச்சுவடி. வரைபடம் போடும்போது ஒரு வியாபாரி பக்கத்தில் இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்.

எப்படிக் கேட்பது?

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு மண்டல அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்பார்கள். குமாஸ்தா ஆபீசில் இருப்பார். கடைக்காரர் கல்லாவில் இருப்பார். வீட்டுப் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். வருகிறவர்கள் கான்டிராக்டரும் அதிகாரியும்தான்!

கேட்பதென்றால் அந்தத் தெருவிலேயே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கூட்டம். கடை அடைத்தபின் இரவு ஒரு கூட்டம். நோட்டீஸ் தமிழில் இருக்கட்டும். ரேஷன் கடையிலும், டீக்கடையிலும், பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டட்டும். திரையில் கலர் கலராகப் படம் காட்டுவதைவிட, ரோட்டிலேயே சுண்ணாம்பால் கோடு போட்டு "பிளாட்பாரம் இதுவரை வரும்" என்று காட்டுங்கள். படிக்காத அம்மாவுக்கும் புரியும்.

டெண்டர் விட்டபிறகு கேட்காதீர்கள். பந்தல் போட்டு, தாலி கட்டியபிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதை அது. பென்சிலால் போட்ட கோடாக இருக்கும்போதே கேளுங்கள்.

முக்கியமாக, பதில் சொல்லுங்கள். இன்னார் இதைக் கேட்டார்கள், இதை ஏற்றோம், இதை ஏற்கவில்லை, காரணம் இது என்று அச்சடித்து, நோட்டீஸ் ஒட்டிய அதே இடத்தில் ஒட்டுங்கள். வாங்கிய மனுவைக் கட்டி மூலையில் போட்டால், அடுத்த தடவை யாரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

திறப்பு விழாவோடு கேட்பது முடிந்துவிடாது. ஆறு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். தீபாவளி எப்படிப் போனது, ஆடித் தள்ளுபடிக் கூட்டம் எப்படி இருந்தது, பிளாட்பாரத்தில் ஏறிய மோட்டார் சைக்கிளை யாராவது பிடித்தார்களா என்று கேளுங்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நகர்ப்புறங்களில் வார்டு குழுவும் ஏரியா சபையும் அமைக்க தமிழக அரசு 2022-ல் விதி வகுத்தது. அதே வருஷம் நவம்பர் 1-ந் தேதி கூட்டங்களும் தொடங்கின. கிராமத்துக்கு கிராமசபை மாதிரி, பட்டணத்துக்கு ஏரியா சபை. குழாய், குப்பை, தெருவிளக்கு பற்றிப் பேசும் அந்தச் சபையில் தெருவையே மாற்றும் திட்டத்தையும் வைக்கலாமே!

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை

கேட்பது என்றால் ஆளாளுக்கு வேண்டாம் என்று சொல்வதற்கு அல்ல. நடைபாதை வேண்டும் என்று மனுக் கொடுத்துவிட்டு, தன் ஸ்கூட்டரை அதே நடைபாதையில் நிறுத்துகிறவர் நம்மிடையே இல்லையா? கடைப்படியை ரோடு வரை நீட்டிவிட்டு, ரோடு குறுகிவிட்டது என்று புலம்புகிறவர் இல்லையா? பிளாட்பாரக் கடையில் பேரம் பேசி வாங்கிவிட்டு, பிளாட்பாரக் கடைகளால் இடைஞ்சல் என்று புகார் எழுதுகிறவர் இல்லையா?

கூட்டத்துக்கு வாருங்கள். குறையைச் சொல்லுங்கள். பக்கத்துக்காரர் குறையையும் காது கொடுத்துக் கேளுங்கள். எல்லாருக்கும் எல்லாம் கிடைக்காது. ஆனால் எதற்காகத் தனக்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்தவர் அவ்வளவாகக் கோபப்படமாட்டார்.

பாண்டி பஜார் பெஞ்சில் பெரியவர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். அந்த நிம்மதி ஒவ்வொரு பேட்டைக் கடைத்தெருவுக்கும் வரவேண்டும். அதே சமயம், பின்தெருப் பாட்டியின் வாசலுக்கு ஆட்டோவும் வரவேண்டும். இரண்டும் நடக்கக்கூடிய காரியம்தான்.

அடுத்த தெருவில் கடப்பாரை விழுமுன், அந்தப் பாட்டி வீட்டுக் கதவை ஒரு அதிகாரி தட்டுவாரா?